நான் மாற்றிச் சொன்ன கேள்வி

ஒரு பெண் கேட்ட கேள்வியை நான் வேண்டுமென்றே மாற்றி மொழிபெயர்த்தேன். பிழையாகிவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிழையில்லை, பொய். ஜெபவீட்டுக்குள் நின்று, வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பது பேர் கேட்கச் சொன்ன பொய். இப்போது எனக்கு வயசாகிவிட்டது. வயசானால் கோபம் தணிந்துவிடும் என்பவர்களை நம்பாதீர்கள். என் கோபம் அப்படியே இருக்கிறது. அதில் பாதி என்மேல்தான்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்குப் போக மாட்டுவண்டி, இல்லாவிட்டால் நடை. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் உபதேசியாராக இருந்தேன். வார நாட்களில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்கு வேதம். இரண்டுக்கும் ஒரே கொட்டகை. மண்சுவர், தகரக் கூரை. அந்தத் தகரத்தைப் போட்டுக்கொடுத்தவர் தோட்டத்துப் பெரிய கங்காணி. திருச்சிப் பக்கத்திலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தவர். என் அப்பாவும் அவர் கூட்டத்தில் நடந்து வந்தவர்தான். அப்பா செத்தபிறகு என்னைப் பதுளை மிஷன் போர்டிங்கில் சேர்த்துவிட்டவரும் அவரே. கோட்டும் தலைப்பாகையும் பூட்ஸுமாக அவர் ஞாயிற்றுக்கிழமை முன் பெஞ்சில் வந்து உட்காரும்வரை நான் ஆராதனையைத் தொடங்க மாட்டேன்.

பாதிரியார் பதுளையில் இருந்தார். பல தோட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தபடியால் எங்களிடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குதிரையில் வருவார். வெள்ளைக்காரர், நல்ல மனுஷர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. மழையில் நனைந்து வந்து, காய்ச்சலோடு பிரசங்கம் செய்துவிட்டுப் போனதும் உண்டு. தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அச்சில் இருப்பதை அழகாக வாசிப்பார். ஆனால் கூலி ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துப் பேச்சு அவருக்குப் பிடிபடாது. அதனால் அவர் பக்கத்தில் நான் நிற்பேன். அவர் சொல்வதை இவர்களுக்கும், இவர்கள் சொல்வதை அவருக்கும் சொல்வது என் வேலை.

எங்கள் சபையில் தோட்டத்து டோபிக்காரம்மா ஒருத்தி இருந்தாள். புருஷன் செத்தபிறகு அவன் வேலையை அவளே செய்தாள். துரை பங்களா உடுப்பு, பேக்டரிக்காரர்கள் உடுப்பு, லயத்துச் சடங்குத் துணி எல்லாம் அவள் கையில்தான் வெளுக்கும். திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பும் அப்படித்தான். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் ஒருதரம் வாசித்தால் போதும், அடுத்த வாரம் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். ஞானஸ்நானத்துக்கு அவளைத் தயார் செய்தவன் நான். அவள் கேட்ட மாதிரிக் கேள்விகளை போர்டிங்கில்கூட யாரும் கேட்டதில்லை. அவளுக்கு ஒரே மகள், ஆறு வயசு.

அந்த வருஷம் லயங்களில் அம்மை பரவியது. அக்காவின் மகளுக்கும் போட்டது. நான் போய் ஜெபம் செய்தேன். மறுநாளும் போனேன். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் போனபோது வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பிள்ளையின் கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. நான் கேட்பதற்கு முன்னே அவளே சொன்னாள்.

"மாரியம்மன் கோயிலுக்குப் போயி வேண்டிக்கிட்டு வந்தேன் ஐயா. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க சொன்னாங்க. நீங்க ஜெபம் பண்ணீங்க, நானும் பண்ணினேன். புள்ள முழிக்கல. அதான் போனேன்."

"அக்கா, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஏன்? ஆண்டவருக்குத் தெரியாதா?"

பிள்ளை பிழைத்துக்கொண்டது. எதனால் பிழைத்தது என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. அக்கா அதை ஒளிக்கவில்லை. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, "போனேன், தப்புன்னா ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்" என்று சொன்னாள். விஷயம் அன்றைக்கே பெரிய கங்காணி காதுக்குப் போய்விட்டது. அவர் பாதிரியாருக்கு ஆள் அனுப்பினார்.

அடுத்த வாரம் பெரட்டில் ஒரு காரியம் நடந்தது.

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற இடம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவன் இரண்டு நாளாக வயிற்றுக்கடுப்பு என்று லயத்தில் படுத்திருந்தான். மூன்றாம் நாள் அவனை இழுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். வந்தவன் நிற்க முடியாமல் குந்தினான். பெரிய கங்காணி எழும்பச் சொன்னார். எழும்பவில்லை. பூட்ஸ் காலால் வயிற்றில் உதைத்தார். ஒரு தரம் என்றார்கள் சிலர், மூன்று தரம் என்றார்கள் சிலர். நான் பார்க்கவில்லை. அவன் சத்தம் பள்ளிக்கூடக் கொட்டகைவரை கேட்டது. நான் வெளியே வந்து பார்க்கவும் இல்லை. இரண்டாம் நாள் அவன் செத்துப்போனான். வயிற்றுக்கடுப்பால் மரணம் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் எழுதிக்கொடுத்தார். துரை கையெழுத்துப் போட்டார். அன்று பின்னேரமே ஆற்றோரத்தில் புதைத்தார்கள். அவன் இந்து. அவனுக்கு ஒரு இளம் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

செத்தவன் துணிகளை டோபிதான் எடுத்துத் துவைக்க வேண்டும், அது வழக்கம். கிறிஸ்தவளான பிறகும் அக்கா அந்த வேலையை விடவில்லை. நானும் கண்டும் காணாமல் இருந்தேன். அவள் துவைக்காவிட்டால் வேறு யார் துவைப்பது?

பாதிரியார் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு என் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார். டோபிப் பெண்ணின் காரியத்தைச் சபைக்கு முன்னால் தீர்க்க வேண்டும், அதற்கு ஒரு வசனம் வேண்டும் என்றார். நான் யோசித்துவிட்டு ஒரு நிருபத்தில் ஓர் இடத்தைக் காட்டினேன். ஒருதரம் வெளிச்சம் பெற்று, பரலோக ஈவை ருசிபார்த்த பிறகு விழுந்துபோனவர்களை மறுபடியும் மனந்திரும்பப் பண்ணுவது கூடாத காரியம் என்கிற அர்த்தத்தில் வருகிற இடம். பாதிரியார் தலையசைத்தார். ஆமாம், அந்தக் கத்தியைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தவன் நான்தான். எனக்கு வேதம் நன்றாகத் தெரியும் என்று அவர் மெச்சியது அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆராதனையில் முதலில் பெரிய கங்காணி எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே எழுந்தார். முன்னால் வந்து முழங்கால் போட்டு, தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்தார். "நான் கோபக்காரன், பாவி" என்று அழுதார். கண்ணீர் உண்மையானதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் செத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உதையைப் பற்றியும் இல்லை. கோபம், அவ்வளவுதான். பாதிரியார் அவர் தலையில் கையை வைத்தார். ஒரு தீர்க்கதரிசி சொன்னதைச் சொன்னார். பாவங்கள் சிவப்பாக இருந்தாலும் பனியைப்போல வெண்மையாகும் என்றார். நான் அதை உரக்கத் தமிழில் சொன்னேன். என் குரல் நன்றாக இருந்தது.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் முகத்தில் அம்மைப் புண்கள் இன்னும் ஆறவில்லை. பாதிரியார் நான் எடுத்துக்கொடுத்த இடத்தை வாசித்தார். அதோடு அவராகவே இன்னொரு தீர்க்கதரிசியின் வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார். உவர்மண்ணால் கழுவினாலும், எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் அக்கிரமத்தின் கறை போகாது என்பதைப் போன்ற வார்த்தை. அவள் டோபி என்பதால் அவளுக்குப் புரியும் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஒரு வருஷம் அவள் ஜெபவீட்டு வாசலுக்கு வெளியே உட்கார வேண்டும். திருவிருந்து கிடையாது. மேசை விரிப்பைத் தொடக்கூடாது. பிள்ளையின் கையில் உள்ள கயிற்றைச் சபைக்கு முன்னால் அறுக்க வேண்டும்.

கயிற்றை நான் அறுத்தேன். என் பேனாக்கத்தியால். பிள்ளை கையை இழுத்துக்கொண்டது, தாய்தான் பிடித்துக்கொடுத்தாள். பிறகு அவள் பாதிரியாரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கணும். அந்தச் செத்த மனுசனோட துணியைத் தொவைச்சது நான்தான். வேட்டியில ரத்தம் இருந்தா வயித்துக்கடுப்புன்னு சொல்லலாம். துண்டுல ரத்தம் இருந்துச்சு. வாயில வந்த ரத்தம். வயித்துக்கடுப்புக்கு வாயில ரத்தம் வருமா? எந்தக் கறை போகும், எது போகாதுன்னு எனக்குத் தெரியும் ஐயா. ரத்தத்தை உடனே பச்சத்தண்ணியில அலசினாப் போயிரும். சுடுதண்ணியில போட்டு மறைக்கப் பாத்தா அப்புடியே புடிச்சுக்கும். என் புள்ள சாகக்கூடாதுன்னு நான் வேப்பிலை கட்டுனேன். அது சவுக்காரத்துக்குப் போகாதா? அவரு செஞ்சது மட்டும் வெளுத்துப்போயிருமா? உங்க புத்தகத்துல ஆளுக்கொரு வசனமா?"

பெரிய கங்காணி திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பாதிரியாரும் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறாள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் சொன்னேன்: "தன் தப்பை உணர்ந்துவிட்டாள். கருணை காட்டும்படி கேட்கிறாள்."

இங்கிலீஷில் அது ரொம்பச் சின்ன வாக்கியம். அதைச் சொல்ல ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை.

பாதிரியாரின் முகம் மலர்ந்தது. தண்டனையை ஒரு வருஷத்திலிருந்து ஆறு மாதமாகக் குறைப்பதாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தாள். "நான் கேட்டதை நீங்க சொல்லல" என்றாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலுக்கு வெளியேயும் உட்காரவில்லை. நேராக லயத்துக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும்போதும் மடியில் அதுதான். தேடித் தேடி ஒரு தாளில் எழுதினேன். ஓரிடத்தில் பாவங்களை இனி நினைப்பதே இல்லை என்று தேவன் சொல்கிறார். இன்னோர் இடத்தில் தகப்பன் செய்த பாவத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை பிள்ளைகளிடம் விசாரிப்பேன் என்கிறார். வேறோரிடத்தில் மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமக்க மாட்டான் என்றும் இருக்கிறது. எழுபதுதரம் ஏழுமுறை மன்னி என்று ஆண்டவர் சொல்கிறார். அதே ஆண்டவர், மன்னிக்கப்படாத ஒரு பாவம் உண்டு என்றும் சொல்கிறார். போர்டிங்கில் இவைகளை எல்லாம் வேறு வேறு வருஷம் படித்திருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. பார்த்தபோது பயமாக இருந்தது. பிறகு பயம் போய் ஆத்திரம் வந்தது. கடைசியில்தான், பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருகிறவனுக்கு ஆண்டவர் சொன்னது கண்ணில் பட்டது. உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை இருந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டு முதலில் அவனிடம் போய் ஒப்புரவாகு. அப்புறம் வா.

சகோதரன் செத்துவிட்டான். அவன் பெண்சாதி பத்தாம் நம்பர் லயத்தில் இருந்தாள். ஜெபவீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பெரிய கங்காணி அங்கே போகவில்லை.

சனிக்கிழமை பதுளைக்கு நடந்தேன். பாதிரியார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என் தாளைக் கொடுத்தேன். பொறுமையாக வாசித்தார்.

"ஒவ்வொரு வசனமும் ஒரு காலத்தில் ஒரு ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. இடம் பொருள் பார்த்து வாசித்தால் முரண்பாடு இருக்காது" என்றார்.

"ஐயா, எங்கள் தோட்டத்தில் இரண்டும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், ஒரே ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. சொன்னது நீங்கள். தமிழாக்கியது நான்."

அவர் தாளை மடித்தார். அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன். அக்கா என்ன கேட்டாள் என்பதை வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் சொன்னேன். துண்டு, வாயில் வந்த ரத்தம், சுடுதண்ணீர், எல்லாவற்றையும். அவர் முகம் வெளிறிவிட்டது.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"பயம்."

"டிஸ்பென்சர் சீட்டு இருக்கிறது. துரை கையெழுத்து இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்?"

"கங்காணியை அந்தப் பொம்பளையிடம் போகச் சொல்லலாம். போகும்வரை அவருக்கும் திருவிருந்து கிடையாது என்று சொல்லலாம். அக்காவுக்குச் சொன்னீர்களே."

அவர் எழுந்து நின்றார். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

"அவர் வெளியே போனால் அந்தச் சபையில் முக்கால்வாசிப் பேர் அவரோடு போய்விடுவார்கள். அந்தப் பெண் போனால் அவள் மட்டும்தான் போவாள்."

இதைவிட அவர் என்னை ஏசியிருக்கலாம். என் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். வேதத்தில் எனக்குப் புரியாத ஆழம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நம்பிக்கொண்டு திரும்பியிருப்பேன், அப்படி நம்பத்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். அவர் நேர்மையாகப் பேசிவிட்டார். எந்த வசனம் யாருக்கு என்பதைத் தலையை எண்ணித்தான் முடிவு செய்திருக்கிறோம். நானும்தான். பாதி ராத்திரியில் முழித்து அழுகிற ரகம் இல்லை நான். வழியெல்லாம் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஒதுங்கிப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாதிரியார் இல்லாத ஞாயிறுகளில் வாசிப்பும் பிரசங்கமும் என் பொறுப்பு. பெரிய கங்காணி முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் காணிக்கை வசனத்தை வாசித்தேன். வெண்மையாகும் என்ற வசனத்தையும், சவுக்காரத்துக்குப் போகாது என்ற வசனத்தையும் அடுத்தடுத்து வாசித்தேன். பிறகு சொன்னேன்:

"போன வாரம் டோபிக்கார அக்கா கேட்ட கேள்வியை நான் பாதிரியாருக்குச் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னேன். அவள் கருணை கேட்கவில்லை, நியாயம் கேட்டாள். நான் பொய் சொன்னேன். பெரிய கங்காணி ஐயா பத்தாம் நம்பர் லயத்துக்குப் போய் அந்தப் பொம்பளையைப் பார்த்துப் பேசாமல் இந்த மேசைக்கு வரக்கூடாது. இது என் வார்த்தை இல்லை. ஆண்டவர் சொன்னது."

போன வாரம் நன்றாக இருந்த குரல் அன்றைக்கு ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருந்தது.

பெரிய கங்காணி எழுந்தார். சத்தம் போடவில்லை.

"உன் அப்பனைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"நீங்கதான் ஐயா."

"உன்னைப் படிக்க வச்சது யாரு?"

"நீங்கதான்."

"அந்தப் படிப்பை வச்சு என்னையே படிக்கிறியா?"

அவர் வெளியே போனார். அவர் ஆட்கள் எழுந்தார்கள், பிறகு மற்றவர்கள். சிலர் என்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மூன்று பேர் மிஞ்சினார்கள். காது கேட்காத ஒரு கிழவர், கொழுந்து பறிக்கிற இரண்டு பெண்கள். பாட்டுப் பாடி ஆராதனையை முடித்தேன். வேறு என்ன செய்ய?

புதன்கிழமை பதுளையிலிருந்து கடிதம் வந்தது. மாத முடிவோடு என் வேலை முடிகிறது. அறையைக் காலி செய்ய வேண்டும். கடிதத்தின் அடியில் பாதிரியார் தன் கையால், தேவன் உங்களை வழிநடத்துவாராக என்று எழுதியிருந்தார். அதை அடுப்பில் போட்டேன்.

அன்று பகல் அக்காவைத் தேடிப் போனேன். ஆற்றுப் பாறையில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். மகள் கரையில் கால்சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தது. நான் ஜெபவீட்டில் பேசியதைச் சொன்னேன். வேலை போனதையும் சொன்னேன். இப்போது எனக்குத் தெரிகிறது, ஒரு பாராட்டை எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன். வேலையை இழந்தவனுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் இல்லையா?

"கேள்விப்பட்டேன்" என்றாள். அடிப்பதை நிறுத்தவில்லை.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிச்சேன்னு நான் சொன்னா உங்களுக்கு லேசாயிரும். ஊருக்குப் போயி நிம்மதியாச் சோறு திம்பீங்க."

"அதுக்காக இல்ல..."

"அதுக்குத்தான். கங்காணியும் அதுக்குத்தான் முட்டி போட்டாரு." துணியைப் பிழிந்து பாறையில் வைத்தாள். "என் புள்ள கையில கத்தி வச்சீங்க. அவ இப்பவும் உங்களைக் கண்டா கையை ஒளிச்சுக்கிறா. அவளுக்குப் பயம் போகட்டும், அப்பறமா வந்து கேளுங்க. இப்ப என்கிட்ட எதுக்கு நிக்கிறீங்க? கங்காணியைப் போகச் சொன்னீங்களே பத்தாம் நம்பருக்கு. நீங்க போனீங்களா?"

நான் போகவில்லை. உதைத்த சத்தம் கேட்டும் வெளியே வராதவன் நான். புதைத்த அன்றும் போகவில்லை. அவன் இந்து, எனக்கு அங்கே வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். கங்காணிக்கு வசனம் சொன்ன வாய்க்கு அது உறைக்கவே இல்லை.

ஆற்றிலிருந்து நேரே போனேன். செத்தவனின் மனைவி வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பதினெட்டு, இருபது வயசுதான் இருக்கும். இனி இங்கே வேலைக்கு அவள் பெயரைப் பதிய மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அவள் அண்ணன் இருந்தான். அங்கே போகப் போகிறாள்.

"தாயி, உன் புருசனை அடிச்சன்னைக்கு சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றேன். "நான் வெளியே வரல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "வந்திருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

"தெரியல."

"கங்காணி வருவாரா?"

"வர மாட்டார்."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

ஜெபம் செய்யட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூட்டையைத் தூக்கப் பார்த்தாள். நான் தூக்கிக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை. தோட்டத்து எல்லைவரை அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். ரோட்டுக்கு வந்ததும் அவளுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் வண்டியோடு காத்திருந்தன. அவள் மூட்டையை வாங்கி வண்டியில் போட்டாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் ஏன் சொல்ல வேண்டும்?

அதற்குப் பிறகு பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். மிஷன் துரத்திய ஆள் என்று தெரிந்தே சேர்த்துக்கொண்டார். என் மதத்தைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, நான் மறுபடி சபைக்குப் போக ஆரம்பித்தது வேறு கதை. வேதத்தை விட்டுவிடவில்லை. இன்றும் தினமும் வாசிக்கிறேன். கூடச் சண்டை போட ஆள் வேண்டும் என்று வாசிக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். படித்தவர்கள் சிலர் இந்த வசனங்களை எல்லாம் அழகாகப் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். மனந்திரும்புகிறவனுக்கு ஒன்று, மனம் கடினப்பட்டவனுக்கு ஒன்று என்று சொன்னார்கள். இருக்கலாம், தாளில் அது பொருந்துகிறது. ஆனால் யார் மனம் திரும்பியது, யார் மனம் கடினப்பட்டது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தது யார்? பூட்ஸ் போட்டவர் அழுதால் மனந்திரும்புதல். துணி அடிக்கிறவள் கேள்வி கேட்டால் கடினம். இதற்கு ஒரு விளக்கவுரையும் எனக்குக் கிடைக்கவில்லை.

பெரிய கங்காணி ரொம்ப வருஷம் இருந்தார். படுக்கையில், பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, நல்ல சாவு. அடக்க ஆராதனைக்கு நானும் போனேன். என்னைப் படிக்கவைத்தவர், போகாமல் இருக்க முடியவில்லை. பாவத்தை மன்னித்து மறந்துவிடுகிற தேவனைப் பற்றிப் புதுப் பாதிரியார் நெடுநேரம் பேசினார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி முழங்கையால் இடித்தாள். அப்போதும் சொல்லவில்லை.

அக்கா தோட்டத்தை விட்டு பண்டாரவளைக்குப் போய், அங்கே டவுனில் துவைத்துப் பிழைத்தாள். எந்தச் சபையிலும் சேரவில்லை என்றும் கேள்வி, மாரியம்மன் கோயிலுக்கும் போவதில்லை என்றும் கேள்வி. மகளுக்குக் கல்யாணமான பிறகு ஒருதரம் கடைக்குத் துணி எடுக்க இரண்டு பேருமாக வந்தார்கள். மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தாய்க்குத் தெரிந்தது. நான் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினேன். மகள் ஒரு பச்சைச் சேலையைப் பிடித்துக்கொண்டு, "இது சாயம் போகுமாம்மா?" என்று கேட்டாள். அக்கா துணியின் ஓரத்தைக் கசக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வேறொன்றைக் காட்டச் சொன்னாள். கட்டிக் கொடுத்தேன். மன்னிப்புப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க புள்ளைங்க எத்தனை?" என்று கேட்டாள். "நாலு" என்றேன். "படிக்க வைங்க" என்றாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.